பதினோராவது குசினிக் கொப்பி

ஓல்டன் ஸ்டேஷனின் பின்பக்கம், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் செல்வராணி குடியிருக்கிறாள். ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பைகள் ஒன்றோடொன்று கதைக்கும். ஓல்டனில் ரயில் போகாத நேரம் என்று ஒன்று கிடையாது. அந்த வீட்டில் ஆகக் கூடுதலாகக் கதைத்தது அந்தக் கோப்பைகள்தான் என்று சொன்னால் அது பகிடி இல்லை, உண்மை.

செல்வராணி பழைய சாமான் சேர்த்துவைக்கிற ஆள் இல்லை. எறிவதில் அவள் சுவிஸ்காரருக்கே வகுப்பு எடுப்பாள். போத்தல்கள் நிறம் பார்த்துப் பிரியும். தயிர்க் கிண்ணத்தின் அலுமினிய மூடி கழுவிக் காய்ந்து தகரத்தோடு சேரும். பழைய கடதாசி சேர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டியோடு வரும் நாளில், வாசலில் இருக்கும் கட்டுகளுக்குள் அவளுடைய கட்டு மட்டும் கலியாணத் தட்டு மாதிரி இருக்கும். நான்கு மூலையும் நேர், நடுவில் சணலால் ஒரே முடிச்சு. முதியோர் இல்லத்தின் சலவை அறையில் பதினெட்டு வருடம் படுக்கை விரிப்பு மடித்த கைக்குப் பத்திரிகை மடிப்பது ஒரு வேலையா?

ஆகவே தன் வீட்டுச் சாமான் ஒன்றை நூறு வருடத்துக்குக் காப்பாற்றி வைக்கப்போகிறார்கள் என்று கேட்டபோது முதலில் திடுக்கிட்டது அவள்தான்.

அவள் கரவெட்டியில் பிறந்தவள். 2001இல் ஒரு சூட்கேசோடு சூரிச் விமான நிலையத்தில் வந்து இறங்கினாள். படத்தில் மட்டும் பார்த்திருந்த மாப்பிள்ளை மகேந்திரன், கையில் ஒரு குளிர்ச்சட்டையோடு நின்றார். பூ இல்லை. சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டு அவர் சொன்ன முதல் வசனம், "சிப்பைக் கழுத்து மட்டும் இழும்." அவள் இழுத்தாள். கலியாண வாழ்க்கை தொடங்கியது.

மகேந்திரன் கூடாத மனிதர் இல்லை. குடி இல்லை, கை நீட்டியதில்லை. ஆனால் வார்த்தையை அவர் சீனி வருத்தக்காரன் சீனி போடுவது மாதிரிப் போடுவார். ஒரு கரண்டி கூடினால் உயிர் போய்விடும்.

2009 தையில், மகள் யாதவி சின்னப்பிள்ளையாக இருக்கையில், அவருக்குப் பெரிய கிடங்கு ஒன்றில் பின்னேர ஷிஃப்ட் கிடைத்தது. மத்தியானம் ஒரு மணிக்குப் போனால் நடுச்சாமத்தில்தான் வருவார். செல்வராணிக்கு இல்லத்தில் காலை ஷிஃப்ட். விடிய நாலே முக்காலுக்கு எழும்பினால் பின்னேரம் நாலு மணிக்கு வீடு. அவர் வரும்போது அவள் நித்திரை, அவள் எழும்பும்போது அவர் நித்திரை. ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேர் கிழமையில் ஆறு நாள் ஒருவரை ஒருவர் படுத்தபடிதான் பார்த்தார்கள். ஏழாவது நாள் ஞாயிறு, அன்றைக்கு அவருக்குக் கோயில் கூட்டம்.

அப்போதுதான் குசினிக் கொப்பி வந்தது. முதலில் கடித உறைகளின் பின்பக்கத்தில் எழுதினார்கள். உறைகளை அவள் கடதாசிக் கட்டோடு சேர்த்துக் கட்டிவிட்டதால் பல் டொக்டரின் நேரம் ஒன்று தவறிப்போயிற்று. பிறகு பள்ளிக்கூடக் கொப்பி ஒன்று சமையலறை மேசையில் ஏறியது. அவள் நீலப் பேனையில் எழுதுவாள். அவர் கிடங்கிலிருந்து கொண்டுவரும் சிவப்புப் பேனையில் எழுதுவார்.

"மீன் குழம்பு பின்னடுப்பில். சூடாக்காமல் சாப்பிட வேண்டாம்."

"சாப்பிட்டன்."

"யாதவிக்கு வியாழன் 5 மணி பல் டொக்டர். நான் கூட்டிப்போறன். நீங்கள் அட்டையை எடுத்து வையுங்கோ."

"வைச்சிருக்கு."

"சட்டையில் பொத்தான் போனதை ஏன் சொல்லேல்லை?"

"பொத்தான் போயிட்டுது."

இப்படி வருடத்துக்கு இரண்டு கொப்பிக்கு மேல் போகும். 2009 வைகாசியில் மட்டும் பதினொரு நாளுக்கு ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று எந்தத் தமிழ் வீட்டுக்கும் சொல்லிக் காட்டத் தேவையில்லை. முடிந்த கொப்பிகளை அவள் எறியாததற்குக் காரணம் பாசம் இல்லை. நிலக்கீழ் அறையில் ஈரம் ஊறும். அரிசிச் சாக்குக்குக் கீழே வைக்கத் தடிப்பான சாமான் வேண்டும். 2019இல் இரண்டு பேரும் வட்சப்புக்கு மாறியபோது இருபத்திரண்டு கொப்பிகள் அரிசியைச் சுமந்துகொண்டிருந்தன.

2023 வசந்தத்தில் முதியோர் இல்லத்துக்குப் புதுக் கட்டடம் போட வெளிக்கிட்டார்கள். அத்திவாரத்துக்குள் ஒரு இரும்புப் பெட்டி வைக்கவேண்டும், அது இங்கத்தைய வழக்கம். பொறுப்பாளர் ஃபிராவ் ஏஷ்லிமன் எல்லாரையும் சாப்பாட்டு அறையில் கூட்டிச் சொன்னார். ஒவ்வொருவரும் ஒரு சாமான் தரவேண்டும். விலை கூடியது வேண்டாம். இன்றைக்கு ஒருவரும் திரும்பிப் பார்க்காத சாமான் வேண்டும். 2123இல் பெட்டியைத் திறக்கிறவர்கள் அதைக் கையுறை போட்டுத்தான் தொடுவார்களாம்.

செல்வராணி நம்பவில்லை. ஆனால் சமையல்காரர் தன்னுடைய உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியைக் கொண்டுவந்து வைத்தார். ஒருவர் முகக்கவசம் வைத்தார். இரவுத் தாதி, நோயாளர் அழைத்தால் அலறும் தன் பழைய கருவியை வைத்து, "நூறு வருசம் கத்தட்டும்" என்றாள்.

"ஃபிராவ் மகேந்திரன், உங்கள் நாட்டு விளக்கு ஒன்று? அல்லது சேலை?" என்று கேட்டார் ஏஷ்லிமன்.

பதினெட்டு வருடமாக அந்த இல்லத்தில் அவளுக்கு அதுதான் பெயர், திருமதி மகேந்திரன். புருசன் பெயர். வீட்டில் புருசன் கூப்பிடுவது "இஞ்சேரும்." செல்வராணி என்ற பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

"விளக்கு நான் வருசத்திலை நாலுதரம்தான் கொளுத்துறனான்," என்றாள் தன் ஜெர்மனில். "ஒவ்வொரு நாளும் பாவிச்சது ஒரு கொப்பி."

என்ன கொப்பி என்று விளக்கினாள். ஏஷ்லிமன் கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்துவிட்டார். கண் கலங்கியது மாதிரியும் இருந்தது. துணி மடிக்கிறவளின் பொத்தான் கதைக்கு ஒரு பொறுப்பாளர் கண் கலங்குவதைக் கண்டு செல்வராணி பயந்துபோனாள். வியாழக்கிழமை பத்து மணிக்கு விழா, அதற்குமுன் ஒரு பக்கத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்துத் தாருங்கள், சின்ன அட்டையில் எழுதிக் கூட வைப்போம் என்றார்.

எந்தக் கொப்பி, எந்தப் பக்கம் என்று அவள் யோசிக்கவேண்டி இருக்கவில்லை. பதினோராவது. 2013 புரட்டாதி இருபத்தாறு.

அந்த வருடம் அவள் வீட்டை விட்டுப் போக வெளிக்கிட்டாள். சண்டை ஒன்றும் இல்லை, சண்டை பிடிப்பதற்கும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டுமே. நாலு மாதமாக அவளுடைய பெயரை ஒருவரும் சொல்லவில்லை என்று ஒருநாள் துணி மடிக்கும்போது கவனித்தாள். அவ்வளவுதான். லோசானில் இருந்த சிநேகிதி திரேசா, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை இருக்கிறது, வந்து என்னோடு இரு என்றாள். செல்வராணி பையை அடுக்கி வக்கூம் கிளீனருக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். சனிக்கிழமை காலை ரயில். பத்து வயது யாதவியையும் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு.

வியாழன் விடிய எழும்பி குசினிக்குள் போனால், கொப்பியில் சிவப்புப் பேனையில் நாலு வரி.

"செல்வராணி, நீர் போகவேண்டாம். நீர் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்த வீட்டில் எனக்கு வேற ஒருத்தரும் இல்லை. பிள்ளை இருக்கிறாள்தான், ஆனால் அவள் சரியான குழப்படி."

தேத்தண்ணி ஆறும் மட்டும் அவள் அதற்கு முன்னால் நின்றாள். பையைக் கண்டுவிட்டார் போல. இந்த மனிதருக்குள் இவ்வளவு வசனம் எங்கே இருந்தது? பிறகு கீழே எழுதினாள். "சரி. நான் போகேல்லை. ஆனால் இதை நீங்கள் ஒருக்கா வாயால் சொல்லவேணும்."

வேலைக்குப் போனாள். அன்றைக்கு இரண்டு விரிப்பைக் கோணலாக மடித்தாள். பின்னேரம் ஓடிவந்து பார்த்தால் அடுத்த பக்கத்தில் அவருடைய பதில் இருந்தது.

"பால் முடிஞ்சுது."

அவள் பையை அவிழ்த்தாள். வாயால் அவர் சொல்வார் என்று ஞாயிறு வரை பார்த்தாள், தீபாவளி வரை பார்த்தாள், பத்து வருடம் பார்த்தாள். எழுதத் தெரிந்த மனிதருக்குச் சொல்லத் தெரியவில்லை என்று ஒருபக்கம் மனம் ஆறும். சொல்லு என்று கெஞ்சிக் கேட்டும் பாலைப் பற்றி எழுதினாரே என்று மறுபக்கம் எரியும். அவள் சமைத்த ஒவ்வொரு கறியிலும் இந்த இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் விழுந்திருக்கும்.

இப்போது, விழாவுக்கு முந்திய சனிக்கிழமை, அரிசிச் சாக்கை நகர்த்தி அந்தக் கொப்பியை எடுத்தாள். அந்தப் பக்கத்தைக் காணவில்லை. "பால் முடிஞ்சுது" இருந்தது. அதற்கு முந்தைய நாள் யாரோ கத்தரிக்காய் வாங்கியதும் இருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. விரலால் தடவிப் பார்த்தபோது ஒரு தாள் மட்டும் தடிப்பாக இருந்தது. இரண்டு தாள் ஒட்டியிருந்தன.

ஈரம் என்றுதான் நினைத்தாள். ஆனால் ஈரம் நாலு ஓரத்தையும் கோடு பிடித்து ஒட்டாது. அதையும் கவனித்தாள், காரணம் தேட நேரம் இல்லை. நீராவி அயன்பெட்டியை எடுத்து, மேலே மெல்லிய துணி போட்டு, ஓரமோரமாகப் பிடித்தாள். இல்லத்துக் கிழவிகளின் பட்டுச் சட்டைக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. தாள்கள் மெல்லப் பிரிந்தன. நாலு சிவப்பு வரி, அதன் கீழே அவளுடைய நீலம். ஒரு எழுத்தும் போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் சாப்பாடு முடிந்து, மகேந்திரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தார். டொச் என்று அவர்கள் சொல்லும் ஜெர்மன் எழுத்தில் அவர் அவளை விடக் கெட்டிக்காரர். இருபது வயது யாதவி சோபாவில் காலை நீட்டிப் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். செல்வராணி கொப்பியை விரித்து வைத்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் பக்கத்தைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் கதைத்ததில்லை. அதனால் அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"இதைத்தான் டொச்சிலை எழுதவேணும்."

அவர் வாசித்தார். இன்னொருதரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம்தரம் வாசித்தார்.

"இது ஆர் எழுதினது?"

"என்னப்பா கேள்வி. நீங்கள்தான்."

"நான் எழுதேல்லை."

செல்வராணி சிரித்தாள். "சும்மா பகிடி விடாதேங்கோ."

"எனக்குப் பகிடி விடத் தெரிஞ்சால் நான் ஏன் கிடங்கிலை பெட்டி அடுக்கிறன்."

"உங்கடை எழுத்து. உங்கடை சிவப்புப் பேனை."

"எழுத்து என்ரைதான். பேனையும் என்ரைதான்." அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "நான்தான் எழுதேல்லை."

அவள் கதிரையைப் பிடித்து இருந்தாள். அவர் விரலைக் கீழே நகர்த்தி நீல வரிக்கு வந்தார்.

"இது நீரோ?"

"ஓம்."

"எப்ப?"

"அண்டைக்குத்தான். அடுத்த பக்கத்திலை பாலைப் பற்றி எழுதினனீங்களே, அண்டைக்கு."

"நான் இதைக் காணேல்லை. இண்டைக்குத்தான் காணுறன்." அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீர் எங்கை போகப் போனனீர்?"

அவள் பத்து வருடம் மனதுக்குள் ஒரு மனிதரோடு சண்டை பிடித்திருக்கிறாள். அந்த மனிதருக்குச் சண்டையின் தலைப்பே தெரியாது. அவர் எழுதிய கடிதம் அவர் எழுதவில்லை. அவள் எழுதிய பதில் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியானால் இடையில் இருந்து தபால் ஓடியது யார்?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சோபாப் பக்கம் திரும்பினார்கள்.

யாதவி போனைத் தடவுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். "நான் கீழை போய்க் கடிதப் பெட்டியைப் பார்த்திட்டு வாறன்," என்று எழும்பினாள்.

"ஞாயிற்றுக்கிழமை கடிதமோ? இரு பிள்ளை," என்றாள் செல்வராணி.

இருந்தாள்.

"சொல்லு."

"முதல் கையெழுத்து மட்டும்தான் வைச்சனான்," என்றாள் யாதவி. "சோதினைத் தாளிலை பெற்றார் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொல்லுவினம். அப்பா நித்திரை. எழுப்பினால் பாவம்."

"எந்தச் சோதினை?"

"கணக்கு."

"ஒண்டோ?"

"எல்லாம். நான் கணக்கிலை கெட்டிக்காரி எண்டு நீங்கள் நினைச்சதுக்கு நான் பொறுப்பில்லை."

மகேந்திரன் கொப்பியை மேசையில் வைத்தார்.

"பிறகு கொப்பியிலை சின்னச் சின்னதாய். அம்மான்ரை எழுத்திலை, இண்டைக்குச் சமைக்க ஏலாது, பீட்சா வாங்கிவையுங்கோ எண்டு."

"அந்தப் பீட்சா எல்லாம் நீயோ?" மகேந்திரன் கதிரையை விட்டுப் பாதி எழும்பினார். "உங்கடை அம்மாவுக்குப் பீட்சா எண்டால் உயிர் எண்டு நினைச்சு நான் அவவின்ரை பிறந்தநாளுக்கும் அதைத்தான் வாங்கினனான்."

"மூண்டு வருசம்," என்றாள் செல்வராணி, பித்துப் பிடித்தவள் மாதிரி. "எனக்குச் சீஸ் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் ஆசையாய் வாங்கிறியள் எண்டு சாப்பிட்டனான்."

யாதவிக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவள் விரலைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள்.

"வக்கூம் கிளீனருக்குப் பின்னாலை பை கிடந்தது. எனக்கு வெள்ளிக்கிழமைதான் நீச்சல் வகுப்பு. புதன்கிழமையே என்ரை நீச்சல் உடுப்பு அதுக்குள்ளை கிடக்கு, குளிர்ச்சட்டைக்கு மேலை. என்னையும் கூட்டிக்கொண்டு போகப்போறியள் எண்டு விளங்கிட்டுது. திரேசா அன்ரியோடை நீங்கள் போனிலை கதைச்சதும் கேட்டது. அப்பா எழுதுவார் எண்டு பார்த்தன். அவருக்குத் தெரியாதே. கக்கூசுக்குள்ளை இருந்து நாலுதரம் எழுதிப் பழகி, அப்பா வந்து படுத்தாப்பிறகு அஞ்சாந்தரம் கொப்பியிலை எழுதினன். விடிய எழும்பினால் நீங்கள் கீழை மறுமொழி எழுதியிருக்கிறியள். அப்பா ஒன்பது மணிக்கு எழும்பினால் காணுவார். பள்ளிக்கூடப் பைக்குள்ளை ஒட்டுற பசை இருந்தது."

"அப்ப சொல்லியிருக்கலாமே," என்றார் மகேந்திரன்.

"ஆருக்கு? அம்மா போகேல்லை எண்டு எழுதிட்டா. அது காணும்தானே. பத்து வயசிலை நான் வேற என்னத்தை யோசிக்கிறது."

செல்வராணி அந்த நாலு வரியைத் திரும்பப் பார்த்தாள். 'பிள்ளை இருக்கிறாள்தான், ஆனால் அவள் சரியான குழப்படி.' எழுத்து நிசம் மாதிரி இருக்கவேண்டும் என்று, கக்கூசுக்குள் இருந்து அந்தப் பிள்ளை தன்னைத் தானே குறை சொல்லி எழுதியிருக்கிறது. அவளுக்கு யாதவியை அடிக்கவும் கை வந்தது, பிடித்து இழுத்து மடியில் வைக்கவும் கை வந்தது. இருபது வயதுப் பிள்ளை மடிக்குள் அடங்காது. இரண்டும் செய்யாமல் இருந்தாள்.

பிறகு புருசனைப் பார்த்துக் கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள்.

"அப்ப நீங்கள் என்னைப் போகவேண்டாம் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை."

"நீர் போகப்போறது எனக்குத் தெரியாது."

"தெரிஞ்சிருந்தால்?"

அவர் கண்ணாடியைப் போட்டார். கழற்றினார். குப்பைப் பை நிறைந்துவிட்டது என்று சொல்லி அதைக் கட்டிக்கொண்டு கீழே போனார். பாதிகூட நிறையாத பை. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் பழைய மாதிரியே ஓடின. அவள் போகும்போது அவர் நித்திரை. அவள் வேலையில் ஒவ்வொரு இடைவேளையிலும் போனைப் பார்த்தாள். திங்கள் ஒன்றும் இல்லை. செவ்வாய் வட்சப்பில் ஒரு செய்தி வந்தது. உடனே திறந்தாள். "வாஷிங் மெஷின் அறைச் சாவி மேசையில்." புதன் திரும்பவும் ஒன்றும் இல்லை.

புதன் பின்னேரம் அவளுக்குள் ஏதோ கெட்டியாகிப் போயிற்று. இந்தக் கொப்பி இனி வீட்டில் இருக்கக்கூடாது, பெட்டிக்குள் போகட்டும், நூறு வருடத்துக்கு ஒருவரும் வாசிக்கக்கூடாது. யாதவியைக் கூப்பிட்டு அட்டையையும் பேனையையும் கொடுத்தாள்.

"டொச்சிலை எழுது. இதை எழுதினது பத்து வயதுப் பிள்ளை, தேப்பன்ரை கையெழுத்திலை."

யாதவி எழுதினாள்.

"மறுமொழி எழுதினது ஒரு விசரி எண்டு எழுது."

யாதவி கன நேரம் எழுதினாள். செல்வராணி ஜெர்மன் வாசிப்பதில் மெதுவானவள், ஆனாலும் பைத்தியக்காரி என்று எழுத அவ்வளவு நீளம் வராது என்று அவளுக்குத் தெரியும். அட்டையைப் பிடுங்கி எழுத்துக் கூட்டினாள். 'மறுமொழி எழுதியவர் அவளுடைய அம்மா. பெயர் செல்வராணி' என்று இருந்தது.

"சொன்னதை எழுதத் தெரியாதோ உனக்கு?"

"எனக்கு இந்த வேலையிலை அனுபவம் இருக்கு," என்றாள் யாதவி.

வியாழன் காலை நல்ல வெயில். தோண்டிய குழியைச் சுற்றி இல்லத்தின் கிழவர், கிழவிகள் சக்கர நாற்காலியில் போர்வையோடு வரிசையாக இருந்தார்கள். மேசன் ஒருவர் சீமெந்து வாளியோடு நின்றார். ஊர்ப் பெரியவர் ஒருவர் எதிர்காலத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். தொண்ணூற்று நாலு வயதுக் கிழவி ஒருத்தி, "அப்போது நான் இருந்தால் எனக்கு யன்னலோர அறை வேண்டும்" என்று சத்தமாகச் சொன்னாள்.

சாமான்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. முகக்கவசத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. செல்வராணியின் முறை வந்தது. இரண்டு வசனம் பேசவேண்டும் என்று முதல் நாள் பாடமாக்கியிருந்தாள், அங்கே ஒன்றும் வரவில்லை. "இது கொப்பி. இதிலை நாங்கள் கதைச்சனாங்கள்," என்று மட்டும் சொல்லிவிட்டு, அட்டையோடு அதைச் சமையல்காரரின் கத்திக்குப் பக்கத்தில் வைத்தாள். மேசன் மூடியைப் போட்டார். எட்டுத் திருகாணி. ஒன்று, இரண்டு என்று திருகுசாவியால் திருகத் தொடங்கினார். ஐந்தாவதில் யாரோ "ஒரு நிமிசம்" என்றார்கள், ஜெர்மனில்.

மகேந்திரன். தலையில் சைக்கிள் ஹெல்மெட். கிடங்கின் மஞ்சள் சட்டையை உள்வெளியாகப் போட்டிருந்தார். பதினெட்டு வருடத்தில் அந்த இல்லத்தின் படலைக்குள் அவர் கால் வைத்தது இல்லை. மேசன் சாவியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். நாற்பது கிழங்களும் ஐம்பது ஊழியர்களும் ஊர்ப் பெரியவரும் அவரைப் பார்த்தார்கள். மூன்று பேருக்கு மேல் இருந்தால் வணக்கம் சொல்லவே யோசிக்கிற மனிதர்.

"என்னப்பா, என்ன நடந்தது? பிள்ளைக்கு ஏதும்…?"

"ஒண்டும் நடக்கேல்லை." மூச்சு வாங்கியது அவருக்கு. "பெட்டியைப் பூட்டப்போகினம். நான் இன்னும் மறுமொழி சொல்லேல்லை."

"இப்பவோ? இதுக்குள்ளையோ?"

"வாயாலை எண்டுதானே எழுதியிருக்கிறீர்."

செல்வராணி அவருக்குக் கிட்டப் போனாள்.

"செல்வராணி," என்றார். பெயரைச் சொல்லிவிட்டு, அது தன் வாயிலிருந்து வந்ததா என்று பார்ப்பதுபோல ஒரு கணம் நின்றார். "நாலு நாள் யோசிச்சனான். பிள்ளை எழுதினதை விடத் திறமாய் எனக்கு ஒண்டும் வரேல்லை. ஆனா அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது அவளின்ரை. நீர் கேட்டனீர், தெரிஞ்சிருந்தால் எண்டு. தெரிஞ்சிருந்தால் நான் போகவேண்டாம் எண்டு சொல்லியிருக்கமாட்டன். எனக்குச் சொல்ல வந்திருக்காது. உமக்கும் தெரியும்."

அவள் தலையாட்டினாள்.

"அடுத்த ரயிலிலை நானும் லோசானுக்கு வந்திருப்பன். எனக்குப் பிரெஞ்சு ஒரு சொல் தெரியாது. வேலையும் இருந்திராது. திரேசா வீட்டு வாசலிலை வந்து நிண்டிருப்பன். கதவு திறக்காட்டி நிண்டுகொண்டே இருந்திருப்பன். போ எண்டாலும் நிண்டிருப்பன். எனக்கு நிக்கத் தெரியும்."

இவ்வளவு வசனம் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்ததை அவள் கேட்டதே இல்லை. கேட்டு முடித்தபிறகும் அவளால் நம்ப முடியவில்லை. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"என்ன சொல்கிறார்?" என்று யன்னலோர அறைக் கிழவி கேட்டாள். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லாரும் செல்வராணியைப் பார்த்தார்கள்.

ஃபிராவ் ஏஷ்லிமன் கிட்ட வந்து மெல்லக் கேட்டார். "ஃபிராவ் மகேந்திரன், கொப்பியை வெளியில் எடுக்கவேண்டுமா? இவர் ஏதாவது எழுதவேண்டுமா? திறக்கலாம், பரவாயில்லை."

செல்வராணி பெட்டியைப் பார்த்தாள். நூறு வருடம் கழித்துக் கையுறை போட்ட யாரோ ஒருத்தர் அந்தக் கொப்பியைத் திறந்து, கேள்வியை வாசித்து, பதிலுக்காக அடுத்த பக்கத்தைப் புரட்டுவார். பால் முடிந்தது என்று இருக்கும். அந்த மனிதர் சொன்னாரா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அது அவர்களுக்காகச் சொன்னது இல்லை.

"என்ரை பெயர் செல்வராணி," என்றாள் ஏஷ்லிமனிடம். "வேண்டாம். பூட்டுங்கோ."

மேசன் மகேந்திரனை ஏற இறங்கப் பார்த்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிற ஒரு மனிதருக்கு என்ன கொடுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. திருகுசாவியை நீட்டினார்.

மகேந்திரன் ஹெல்மெட்டைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, மிச்சம் இருந்த மூன்று ஆணியையும் திருகினார். கடைசி ஆணியில் கை வழுக்கியது.

"வடிவாய் இறுக்குங்கோ," என்றாள் செல்வராணி. "இல்லாட்டி உள்ளை ஈரம் போயிடும்."